திரும்பி வரும் தேதியை முதலில் எழுதுங்கள்

(மர்பி டவுனில் நடைபெற்ற நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லீவு கேட்பதைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் கேட்டார்கள். அதுவும் நர்ஸ் வேலைக்குப் போக லீவு கேட்பதைப் பற்றி. இதில் என்ன அரசியல் இருக்கிறது என்றும் கேட்டார்கள். இருக்கிறது, தோழர்களே. மேடையில் நாம் உரிமை உரிமை என்று முழங்குகிறோம். ஆனால் மேனேஜர் மேஜைக்கு முன்னால் ஒரு காகிதத்தை நீட்டும்போது நம் கை நடுங்குகிறது. அந்த நடுக்கம் தீராத வரையில் மேடை முழக்கத்தால் பயன் இல்லை.

விஷயம் இதுதான். மர்பி டவுனிலும் அல்சூரிலும் ஜோகுபாளையத்திலும் நர்சிங் படித்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தோம். படிப்பை முடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சம்பளம் வீட்டு வாடகைக்கே போதவில்லை. அதனால் சிலர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போனார்கள். சிலர் கம்ப்யூட்டரில் ஆஸ்பத்திரி பில் பார்க்கும் வேலைக்குப் போனார்கள். சிலர் கார்மெண்ட்ஸ் ஆலையில் முதலுதவி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுக்குத் திடீரென்று ஓர் அழைப்பு வருகிறது: மூன்று மாதம், நான்கு மாதம், தற்காலிக நர்ஸ் வேலை. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கூட. படித்த படிப்புக்கேற்ற வேலை. அனுபவச் சான்றிதழும் கிடைக்கும். ஆனால் மூன்று மாதம் முடிந்த பிறகு? இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் போவதா, லீவு கேட்பதா, கேட்டால் தருவார்களா? நம் வீடுகளில் இரவெல்லாம் இந்தப் பேச்சுத்தான்.

நர்சிங் படித்தவர் நர்ஸ் வேலையை விட்டு ஏன் போனார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் சம்பள வழக்கில் 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. அதன்படி மத்திய அரசு அமைத்த கமிட்டி கணக்குச் சொன்னது: 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி, மாநில அரசு நர்சுக்கு என்ன சம்பளமோ அதையே தர வேண்டும். 100 முதல் 200 படுக்கை என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 படுக்கைக்கும் கீழே உள்ள சின்ன ஆஸ்பத்திரிகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இவ்வளவு தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் அது சிபாரிசு. அமல் செய்வது மாநிலங்களின் பொறுப்பு என்று விட்டார்கள். சிபாரிசை வைத்து மளிகைக் கடையில் அரிசி வாங்க முடியுமா? அதனால்தான் நம் பெண்கள் வெள்ளைச் சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள்.

இப்போது 2021ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவின் இரண்டாவது அலை. இந்த ஊரில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. படுக்கை கிடைக்கவில்லை, ஆக்சிஜன் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில், 2021 மே 3ஆம் தேதி, மத்திய அரசு ஓர் அறிவிப்பு விட்டது. பி.எஸ்ஸி. நர்சிங், ஜி.என்.எம். முடித்தவர்களை முழு நேரக் கொரோனா பணியில் போடலாம். 100 நாள் பணி முடித்தவர்களுக்கு அடுத்து வரும் அரசு வேலை நியமனங்களில் முன்னுரிமை உண்டு என்றது. நல்ல அறிவிப்புத்தான். ஆனால் வேறு வேலையில் இருக்கும் நர்ஸ் அந்த 100 நாளுக்கு எப்படிப் போவார்? அவருடைய முதலாளி லீவு கொடுத்தாக வேண்டும், வேலையைக் காத்து வைத்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் ஒன்றையும் அதோடு சேர்த்துக் கொடுக்கவில்லை. நாடு கூப்பிட்டது. திரும்பி வரும் வழிக்கு யாரும் பொறுப்பு ஏற்கவில்லை.

தற்காலிக வேலையின் முடிவு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டைப் பாருங்கள். 2020ல் கொரோனாவுக்காக, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் நர்சுகளை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்ட நாளில் இவர்கள் வார்டுக்குள் நின்றார்கள். 2022 டிசம்பர் 31ஓடு உங்கள் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 2023 புத்தாண்டு அவர்களுக்குப் போராட்டப் பந்தலில் பிறந்தது. அரசாங்கமே இப்படிச் செய்யும்போது தனியார் ஏஜென்சி என்ன செய்யும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

தங்கைகளே, இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. போங்கள். படித்த படிப்பு துருப்பிடிக்கக் கூடாது. ஆனால் தற்காலிக வேலைக்குப் போகிறவர் நிரந்தர வேலையைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் ரயில்வேயில் ‘லியன்’ என்று ஒரு வார்த்தை உண்டு. ஆள் வேறிடத்தில் டியூட்டி பார்த்தாலும், அவருடைய பழைய இடம் அவர் பெயரிலேயே இருக்கும் உரிமை அது. அந்த உரிமையைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு போங்கள் என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்தது.

நம் ஆட்கள் செய்கிற மூன்று காரியங்களை முதலில் விலக்க வேண்டும்.

முதலாவது, அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இப்போது சம்பளம் 16,000 என்று வையுங்கள். ஆஸ்பத்திரியில் 22,000. மாதம் 6,000 கூட. மூன்று மாதத்தில் 18,000 லாபம். திரும்பி வந்து வேலை தேடி இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்தால் 32,000 நஷ்டம். எது பெரிது? அதோடு கிராஜுவிட்டி இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து வருஷத் தொடர்ச்சியான வேலை இருந்தால்தான் அது கிடைக்கும். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். நான்கு வருஷத்தில் ராஜினாமா செய்தால் அந்த நான்கு வருஷமும் கணக்கில் வராது. ஆனால் முறைப்படி எடுத்த லீவு வேலைத் தொடர்ச்சியை உடைப்பதில்லை. ராஜினாமாவுக்கும் லீவுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு பெரிது.

இரண்டாவது, உடம்பு சரியில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் போய் வேலை செய்வது. இது மிகவும் ஆபத்து. இ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பணம் வாங்கிக்கொண்டு வேறிடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தால் அது பொய் சொல்லிப் பணம் வாங்கிய குற்றம். வேலையும் போகும், வழக்கும் வரும். பொய்யின் மேல் நிற்கிற தொழிலாளிக்காக எந்தச் சங்கமும் நிமிர்ந்து நின்று பேச முடியாது.

மூன்றாவது, சூப்பர்வைசரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவது. ‘அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்றார்’ என்று சொல்வார்கள். அந்த அண்ணன் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். பல கம்பெனி நிலையாணைகளில், லீவு முடிந்து எட்டு நாளுக்குள் வராவிட்டால் இடம் போகும் என்ற விதி உண்டு. உங்கள் பெயருக்கு எதிரே ‘தானாக வேலையை விட்டவர்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

அப்படி எழுதிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. இதற்காக நமக்கு முன்னால் போராடியவர்கள் உண்டு. எங்கள் தெற்கு ரயில்வேயிலேயே ஒருவர் இருந்தார், ராபர்ட் டிசூசா. நெடுங்காலம் உழைத்தும் அவரைக் கேஷுவல் கணக்கிலேயே வைத்திருந்தார்கள். வேலைக்கு வரவில்லை என்று சொல்லிப் பெயரை எடுத்துவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1982ல் தீர்ப்பு வந்தது: வரவில்லை என்று பெயரை அடிப்பதும் ஆட்குறைப்புத்தான், அதற்குரிய முறைப்படி செய்யாவிட்டால் செல்லாது. பிறகு 1993ல் டி.கே. யாதவ் வழக்கு. எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்று நிலையாணையைக் காட்டி நீக்கினார்கள். வேலைக்கு வந்த தன்னைக் கேட்டிலேயே தடுத்தார்கள் என்றார் தொழிலாளி. விசாரணை வைக்காமல், அவர் பக்க நியாயத்தைக் கேட்காமல், வயிற்றுப் பிழைப்பைப் பறிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. பாதிச் சம்பளப் பாக்கியோடு திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. நீக்கியது 1980ல், நியாயம் கிடைத்தது 1993ல்! பதிமூன்று வருஷம் கோர்ட் வராந்தாவில் காத்திருக்க நம்மால் முடியுமா? ஒரு காகிதத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பதிமூன்று வருஷம் மிச்சம்.

சட்டம் நமக்கு எத்தனை நாள் லீவு தருகிறது? 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை மத்திய அரசு அமலுக்குக் கொண்டு வந்தது. அவற்றின் மேல் நமக்குள்ள கோபம் தனி. அதை வேறொரு கூட்டத்தில் பேசுவோம். அதில், வருஷத்தில் 180 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு 20 நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. பழைய ஃபாக்டரி சட்டத்தில் 240 நாள் செய்திருக்க வேண்டும். 300 நாள் உழைத்தால் 15 நாள் கிடைக்கும். மூன்று மாத நர்ஸ் வேலைக்கு இது எந்த மூலைக்கு? மிச்ச நாளைச் சம்பளமில்லா லீவாகத்தான் கேட்க வேண்டும். அதைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லை. இதை ஒளிக்காமல் சொல்கிறோம். ஆகவே கேட்கிற விதத்தில்தான் நம் பலம் இருக்கிறது.

எப்படிக் கேட்பது? கடிதத்தின் வாசகத்தைப் படிக்கிறோம், கேளுங்கள்.

‘ஐயா, நான் தங்கள் கம்பெனியில் இன்ன தேதியிலிருந்து இன்ன பிரிவில் வேலை செய்து வருகிறேன். நான் கர்நாடக நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்ற நர்ஸ். இன்ன ஆஸ்பத்திரியில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, 90 நாள், தற்காலிக நர்ஸ் பணிக்கு உத்தரவு வந்திருக்கிறது. அதன் நகலை இணைத்திருக்கிறேன். என் கணக்கிலுள்ள லீவை முதலில் கழித்துக்கொண்டு, மிச்ச நாட்களைச் சம்பளமில்லா லீவாகத் தருமாறும், அந்நாட்களில் மேற்படி பணியைச் செய்ய அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இன்ன தேதி காலை ஷிப்டுக்கு நான் வேலைக்குத் திரும்புவேன். என் வேலைத் தொடர்ச்சியும் இப்போதுள்ள சம்பளமும் அப்படியே இருக்கும் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். நான் இல்லாத நாட்களில் என் வேலையைப் பார்க்க இன்னாருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.’

இவ்வளவுதான். அழுகை இல்லை, கும்பிடு இல்லை, குடும்பக் கஷ்டக் கதை இல்லை. இதில் உயிர் எங்கே இருக்கிறது? ‘இன்ன தேதி காலை ஷிப்டுக்குத் திரும்புவேன்’ என்ற வரியில் இருக்கிறது. அந்தத் தேதி இல்லாத கடிதம் பாதி ராஜினாமா. கடிதம் எழுத உட்காரும்போது அந்தத் தேதியை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள். ஆஸ்பத்திரி உத்தரவில் முடியும் தேதி இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்காமல் லீவு கேட்காதீர்கள்.

வேறிடத்தில் வேலை செய்ய அனுமதி என்ற வரியும் முக்கியம். பல கம்பெனி நியமன உத்தரவுகளில், எங்களிடம் இருக்கும் வரை வேறெங்கும் வேலை செய்யக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அரசு ஊழியருக்கும் அப்படித்தான். எங்கள் ரயில்வே ஊழியர் லீவில் இருந்தாலும் முன் அனுமதி இல்லாமல் வேறு வேலை ஏற்க முடியாது.

கடிதத்தைத் தமிழில் நினையுங்கள். கன்னடத்திலோ இங்கிலீஷிலோ கொடுங்கள். எழுதித் தர நம் சங்க ஆபீசில் ஆள் இருக்கிறார்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் கம்பெனி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் முன்னதாகவே கொடுங்கள்.

போகும் முன் இன்னும் இரண்டு வேலை. தமிழ்நாட்டில் படித்து அங்கே பதிவு செய்தவர்கள், இங்கே நர்சாக நிற்க கர்நாடக நர்சிங் கவுன்சில் பதிவு வாங்க வேண்டும். அதை இப்போதே செய்து வையுங்கள்; அழைப்பு வந்த பிறகு ஓடினால் கிடைக்காது. அடுத்தது இ.எஸ்.ஐ. அங்கே சந்தா காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு. ஒரு காலத்தில் 78 நாள் சந்தா இருந்தால்தான் அதற்குரிய அடுத்த காலத்தில் நோய்க்காலப் பணம் வரும். ஆறு மாதத்துக்கு 183 நாள் என்று வைத்தால், அதில் 100 நாள் சம்பளமில்லா லீவு போனால் மிச்சம் 83. ஐந்து நாள்தான் இடைவெளி! இன்னும் ஒரு வாரம் லீவு போட்டால் போச்சு. ஆகவே தற்காலிக வேலையிலும் இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்டு, உங்கள் பழைய நம்பரையே கொடுங்கள். பி.எஃப். நம்பரும் அப்படியே. புது நம்பர் போட விடாதீர்கள்.

இனி, மேனேஜர் மறுத்தால்? மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் ‘முடியாது’ என்பவர் எழுதச் சொன்னால் ஒரு நிமிஷம் யோசிப்பார். தனியாகப் போகாதீர்கள்; உடன் வேலை செய்யும் கன்னடத் தோழிகளையும் தெலுங்குத் தோழிகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இன்று ஒரு தமிழ்ப் பெண் வாங்குகிற லீவு, நாளை ஒரு கன்னடப் பெண்ணுக்கு முன்மாதிரி. ஷிப்டு வேலையைப் பங்கு போட்டுச் செய்ய அவர்கள் சம்மதித்தால் மேனேஜரின் பாதி வாதம் விழுந்துவிடும். மூன்று மாதம் தர மறுத்தால் இரண்டு மாதம் கேளுங்கள். அதற்கும் மறுத்தால், வீட்டில் கணக்குப் போட்டுத் தீர்மானியுங்கள். எது செய்தாலும் தெரிந்து செய்யுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி டியூட்டி என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் நம்மில் உண்டு. நாமும் ராத்திரி டியூட்டி பார்த்தவர்கள்தான். அந்தப் பெண் மூன்று மாதம் வார்டில் நின்றால், அடுப்படியில் நிற்க வேண்டியது நாம். கம்பெனியிடம் லீவு கேட்கும் முன் வீட்டிலும் அவளுக்கு லீவு கிடைக்க வேண்டாமா?

தோழர்களே, கடைசியாக அரசியலுக்கு வருகிறோம். வேலையைக் காத்து வைக்கச் சொல்லும் சட்டம் இந்த நாட்டில் இல்லவே இல்லையா? இருக்கிறது. 1948ஆம் வருஷத்து டெரிடோரியல் ஆர்மி சட்டம். வேறு வேலையில் இருப்பவரை அந்தப் படைப் பணிக்குக் கூப்பிட்டால், பணி முடிந்ததும் முதலாளி அவரைப் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் திரும்பச் சேர்க்க வேண்டும். சேர்க்கத் தவறினால் ஆறு மாதச் சம்பளம் வரை நஷ்டஈடு கட்ட வேண்டி வரும். எங்கள் ரயில்வேயில் அந்தப் படைப் பிரிவுகள் நெடுநாள் இருந்தன. 1974 மே மாதம் எங்கள் மூத்த தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ரயிலை ஓட்ட அந்தப் படையைக் கூப்பிட்டார்கள். துப்பாக்கி தூக்கப் போகிறவருக்கும், வேலைநிறுத்தத்தை முறிக்கப் போகிறவருக்கும் வேலை பத்திரம். ஊசியும் மருந்தும் தூக்கிக்கொண்டு நோயாளியிடம் போகிறவளுக்கு மட்டும் வேலை பத்திரம் இல்லையா?

பிரிட்டனில் 2020 மார்ச்சில் கொரோனா சட்டம் போட்டபோது, ஆஸ்பத்திரிக்குத் தொண்டு செய்யப் போகிறவருக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரை முதலாளி லீவு தர வேண்டும், திரும்பியதும் அதே வேலை என்று எழுதினார்கள். எழுதினார்களே தவிர அமலுக்குக் கொண்டு வரவில்லை. 2021ல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அரசு நர்ஸ் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வெளிநாட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பலாம் என்று அங்கே அரசு விதியே இருக்கிறது. முன்பு மொத்தம் 20 வருஷம் வரை விட்டார்கள். 2020ல் அதை ஐந்து வருஷமாகக் குறைத்தார்கள். குறைத்ததில் நியாயம் உண்டா என்பது வேறு விவாதம். லீவில் போய் வேலை செய்துவிட்டுத் திரும்பலாம் என்பது நடக்கக் கூடிய காரியம் என்பதற்கு அது சாட்சி.

பெங்களூருக்கு 1898ல் பிளேக் வந்தது. பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன. நோய் வந்து போகிறது, மறுபடியும் வரும். வரும்போது நர்ஸ் வேண்டும், நர்ஸ் வேண்டும் என்று கூவுவார்கள். அதற்கு முன்னால் நம் கோரிக்கையைச் சட்டசபை உறுப்பினரிடமும் தொழிலாளர் துறையிடமும் வைப்போம்: பொது ஆஸ்பத்திரியின் தற்காலிகப் பணிக்கு உத்தரவு பெற்ற நர்சுக்கு ஆறு மாதம் வரை சம்பளமில்லா லீவு உரிமை, திரும்பியதும் அதே வேலை, இ.எஸ்.ஐ., பி.எஃப். தொடர்ச்சி. மனுவில் கையெழுத்து வாங்க வரும் ஞாயிறு முதல் வீடு வீடாக வருகிறோம்.

அதுவரை, தங்கைகளே, காகிதத்தையும் பேனாவையும் எடுங்கள். திரும்பி வரும் தேதியை முதலில் எழுதுங்கள். முத்திரை வாங்குங்கள். பிறகு தைரியமாக வார்டுக்குப் போங்கள். நீங்கள் திரும்பும் நாளில் கேட்டில் யாராவது தடுத்தால், அந்தக் காகிதத்தோடு நம் சங்கமும் அங்கே நிற்கும்.